சொல் இருக்கும் கோப்பும் தேவைப்படும் கோப்பும்: பெரிய மூலநிரல் களஞ்சியத்தில் தேடுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் நாங்கள் பராமரிக்கும் பழைய மென்பொருள் ஒன்று, செட்டிநாட்டு ஊர்க்கோயில்கள் சிலவற்றின் புள்ளி வரிக் கணக்கை வைத்துக்கொள்கிறது. இப்பகுதியைச் சேராத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நகரத்தார் வழக்கில் திருமணமான ஓர் ஆணின் குடும்பம் ஒரு புள்ளி. மகனுக்குத் திருமணமானதும் அவன் தனிப் புள்ளியாகக் கணக்கில் ஏறுவான். கோயில் செலவுக்கான வரி, புள்ளிக்கு இவ்வளவு என்று விதிக்கப்படும். சென்ற ஆண்டு எங்களுக்கு ஒரு குறை வந்தது. ஆண்டின் நடுவே திருமணமான ஒருவரின் வரி, அவருடைய பெயரிலும் ஏறியிருந்தது, தந்தையின் பெயரிலும் இன்னொரு முறை ஏறியிருந்தது. இதைத் திருத்த எந்தெந்தக் கோப்புகளைத் திறக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. மென்பொருளை முதலில் எழுதியவர்கள் எவரும் இப்போது இங்கில்லை.

அந்தத் தேடலை எடுத்துக்காட்டாக வைத்து, எளிய சொல் தேடலில் தொடங்கிப் பொருள்வழித் தேடல் வரை எந்தக் கருவியை எப்போது எடுக்கலாம் என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கட்டளைகளின் பெயர்களையும் தெரிவுகளையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில், அதாவது கட்டளை இடும் திரையில், அவற்றை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும்.

படி 1: தேடுவதற்கு முன் கேள்வியை எழுதுதல்

கருவியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, நீங்கள் எவ்வகைக் கோப்பைத் தேடுகிறீர்கள் என்பது. திருத்த வேண்டிய கோப்பு ஒரு வகை. திருத்துவதற்கு முன் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய கோப்பு இன்னொரு வகை. திருத்தியபின் உடைந்துபோகக்கூடிய கோப்பு மூன்றாவது வகை. சோதனைகளும் அறிக்கைகளும் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான் வரும். ஒரு சொல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கேட்பவருக்கு முதல் வகையில் பாதி கிடைக்கும். மூன்றாவது வகை ஏறக்குறைய கிடைக்கவே கிடைக்காது.

இரண்டாவது, சொற்பட்டியல். தமிழர்கள் எழுதிய நிரல்களில் இது தனிச் சிக்கல். புள்ளி, வரி, பற்று, வரவு போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் மாறிப் பெயராக வைக்கும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். ‘வட்டி’ என்பதை இரண்டு ‘டி’ போட்டு எழுதியவரும் உண்டு, இரண்டாவது ‘டி’க்குப் பின் ‘எச்’ சேர்த்தவரும் உண்டு, ஆங்கிலத்திலேயே ‘இன்ட்ரஸ்ட்’ என்று வைத்தவரும் உண்டு. மூவரும் ஒரே களஞ்சியத்தில் வேலை செய்திருப்பார்கள். எங்கள் பட்டியலில் ‘புள்ளி’ என்ற ஒரு கருத்துக்கு மட்டும் ஐந்து எழுத்துவடிவங்கள் சேர்ந்தன. அவை போதாவென்று, பழைய அட்டவணைகளில் ‘ஃபேமிலி’ என்றும் புதிய திரைகளில் ‘மெம்பர்’ என்றும் இருந்தது.

பொருள் மயக்கத்தையும் முன்னதாகவே குறித்துவையுங்கள். புள்ளி என்பது தசமப் புள்ளியாகவும் இருக்கலாம், புள்ளிவிவரத்தின் முற்பாதியாகவும் இருக்கலாம். வரி என்பது தீர்வையும் ஆகலாம், எழுத்து வரிசையும் ஆகலாம். இது பின்னர் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ஆறாம் படியில் காணலாம்.

படி 2: கருவி எந்த நிலத்தில் தேடுகிறது என்பதை உறுதிசெய்தல்

பலரும் தாண்டிச் செல்லும் படி இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன்.

கிரெப் என்ற தேடுகருவியைக் கென் தாம்சன் 1973-இல் யூனிக்ஸுக்காக உருவாக்கினார். அது, சொன்ன கோப்பைச் சொன்னபடி தேடும். ஆண்ட்ரூ கேலண்ட் ரஸ்ட் மொழியில் எழுதி 2016-இல் வெளியிட்ட ரிப்கிரெப் அப்படியல்ல. தன் போக்கில் விடப்பட்டால் அது, கிட் (நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவி) ஒதுக்க வேண்டியவை என்று கிட்-இக்னோர் பட்டியலில் உள்ள கோப்புகளையும், மறைகோப்புகளையும், உரையாக அல்லாத இருமக் கோப்புகளையும் ஒதுக்கிவிடும். வேகத்திற்கும் தூய்மையான விடைக்கும் இதுவே காரணம். ஆனால் தேடிய சொல் கிடைக்கவில்லை என்று அது சொல்லும்போது, அது தேடிய இடத்தில் இல்லை என்பது மட்டுமே பொருள். ‘கிட் கிரெப்’ கட்டளையும் இப்படித்தான். கிட் கண்காணிக்கும் கோப்புகளுக்கு வெளியே அது இயல்பாகப் பார்ப்பதில்லை.

ஆகவே, முதலில் ரிப்கிரெப்பை ‘ஃபைல்ஸ்’ என்ற தெரிவுடன் இயக்கி, அது தேடப்போகும் கோப்புகளின் பட்டியலை வாங்குங்கள். பிறகு ‘யூ’ என்ற எழுத்தை ஒருமுறை சேர்த்து இயக்குங்கள். ஒதுக்கல் விதிகள் நீங்கும். இருமுறை சேர்த்தால் மறைகோப்புகளும், மும்முறை சேர்த்தால் இருமக் கோப்புகளும் தேடலுக்குள் வரும். முதற் பட்டியலுக்கும் அடுத்தவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கோப்புறை வாரியாகக் கண்ணால் பாருங்கள். வேறுபாட்டில் பெரும்பகுதி வெளிநூலகங்களாகவும் உருவாக்கப்பட்ட கோப்புகளாகவும் இருக்கும்; அவை வேண்டாம். எங்கள் பட்டியலில் அவற்றோடு, தரவுத்தளத்தின் காப்புக் கோப்புறையொன்றும் ஒதுக்கப்பட்டிருந்தது. அதன் பெயரைப் பார்த்துவிட்டு நானும் கடந்துபோனேன், அது தவறு.

அடுத்தது எழுத்துக்குறிமுறை, அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை. ரிப்கிரெப், கோப்புகளை யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவம் என்றே எடுத்துக்கொள்ளும்; தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி இருந்தால் யூடிஎஃப்-16-ஐயும் அறிந்துகொள்ளும். ஆனால் தமிழ்நாட்டுப் பழைய மென்பொருள்களில், யூனிகோடுக்கு முந்தைய தகுதர (டிஎஸ்சிஐஐ) குறிமுறையிலோ, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டேப், டேம் குறிமுறைகளிலோ எழுதிய செய்திக் கோப்புகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் யூனிகோடுத் தமிழ்ச் சொல்லைத் தேடினால் ஒன்றும் வராது. அவற்றை மாற்றியெழுதிய படிகளைத் தனிக் கோப்புறையில் வைத்து, அந்தப் படிகளில் தேடுவதே எளிய வழி.

யூனிகோடிலும் மூன்று பொறிகள் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, தேடலில் வேறு வேறு. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டிவைப்பவர்கள் எங்கும் உண்டு. மூன்றாவது, ஜேசன் என்னும் தரவுக் கோப்புகளில் தமிழ்ச் சொற்கள் சில சமயம் எழுத்துகளாக இல்லாமல், பின்சாய்கோட்டோடு தொடங்கும் பதினாறடிமான எண்களாக இருக்கும். அங்கே தமிழில் தேடிப் பயனில்லை, எண்வடிவத்திலேயே தேட வேண்டும். முதற் சிக்கலுக்கு மட்டும், பிரித்துச் சேமித்த குறிகளை ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி என்னும் இயல்பாக்கம் தீர்வு தரும். ரிப்கிரெப் அதைத் தானாகச் செய்யாது என்பதால் கோப்புகளையும் தேடுசொல்லையும் நாமே இயல்பாக்கிக்கொள்ள வேண்டும்.

படி 3: நேர்ச்சொல் தேடல்

இப்போது தேடலாம். முதல் ஓட்டத்தில் வரிகளைக் காட்டச் சொல்லாதீர்கள். ‘எல்’ தெரிவைக் கொடுத்துக் கோப்புப் பெயர்களை மட்டும் வாங்குங்கள். ‘சி’ தெரிவு, ஒவ்வொரு கோப்பிலும் பொருந்திய வரிகள் எத்தனை என்று சொல்லும். இருநூறு கோப்புகள் வந்தால் சொல் பொதுவானது, இரண்டு வந்தால் அரியது. இந்தக் கணக்கு அடுத்த படிகளுக்குத் தேவைப்படும். ‘டபிள்யூ’ தெரிவு முழுச்சொல்லை மட்டும் பொருத்தும். புள்ளிவிவரத்தை விலக்கிப் புள்ளியை மட்டும் எடுக்க இது உதவியது. ஆனால் தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிய ‘புள்ளிக்கு’, ‘புள்ளியின்’ ஆகியவையும் இதனால் விலகிப்போகும் என்பதை மறக்கலாகாது. சிறப்புக் குறிகள் உள்ள சொல்லுக்கு ‘எஃப்’ தெரிவைக் கொடுத்தால் அது அப்படியே தேடப்படும்.

நேர்ச்சொல் தேடலுக்கு மிகச் சிறந்த தொடக்கம் மாறிப் பெயரன்று. பயனர் திரையில் காணும் வாசகம். ரசீதில் அச்சாகும் தலைப்பையோ பிழைச்செய்தியையோ அப்படியே தேடினால் திரைக் கோப்பு சில நொடிகளில் கிடைக்கும். அங்கிருந்து உள்ளே செல்லலாம். கோப்பின் பெயர் பாதி நினைவில் இருந்தால் ஜுனேகுன் சோய் உருவாக்கிய எஃப்இசட்எஃப் போன்ற, அரைகுறையாகத் தட்டிய பெயரையும் பொருத்தும் தெளிவிலாத் தேடுகருவி போதும். இதைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

படி 4: வரலாற்றைக் கேட்டல்

என் அனுபவத்தில், பொருத்தமான கோப்புகளைக் காட்டுவதில் கிட் வரலாற்றுக்கு இணையான சான்று வேறில்லை. சேர்ந்து மாறிய கோப்புகள் சேர்ந்தே மாறும். அவற்றிற்கிடையே நிரலில் எந்த நேரடி அழைப்பும் இல்லாவிட்டாலும்கூட.

இதற்கு மூன்று வழிகளைப் பயன்படுத்துகிறேன். ‘கிட் லாக்’ கட்டளையுடன் பெரிய ‘எஸ்’ தெரிவையும் ஒரு சரத்தையும் கொடுத்தால், அந்தச் சரம் கோப்பொன்றில் வரும் எண்ணிக்கையை மாற்றிய பதிவுகள் (கிட்டில் ஒரே தடவையாகச் சேமித்த மாற்றங்களின் தொகுப்புகள்) மட்டும் வரும். அதாவது அது புகுந்த நாளும் நீங்கிய நாளும் தெரியும். பெரிய ‘ஜி’ தெரிவு இன்னும் விரிந்தது. மாற்றப்பட்ட வரிகளில் அந்த வடிவம் எங்கிருந்தாலும் காட்டும், எண்ணிக்கை மாறியிருக்க வேண்டியதில்லை. மூன்றாவது, முந்தைய படியில் கிடைத்த ஒரு கோப்பை எடுத்து, அதைத் தொட்ட பதிவுகள் ஒவ்வொன்றிலும் வேறு எந்தக் கோப்புகள் இருந்தன என்பதை ‘நேம்-ஒன்லி’ தெரிவால் வாங்கி எண்ணுவது. கோப்புப் பெயர் இடையில் மாறியிருந்தால் ‘ஃபாலோ’ தெரிவு பழைய பெயருக்கும் பின்தொடர்ந்து செல்லும்; ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கோப்புக்கு மட்டுமே.

எண்ணும்போது ஒரு வடிகட்டல் வேண்டும். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே நாளில் தொட்ட பதிவுகள், வடிவமைப்பைச் சீராக்கியவையாகவோ உரிமக் குறிப்பைச் சேர்த்தவையாகவோ இருக்கும். அவற்றைக் கணக்கில் சேர்த்தால் எல்லாக் கோப்புகளும் எல்லாவற்றுக்கும் உறவாகிவிடும். முப்பது கோப்புகளுக்குமேல் தொட்ட பதிவுகளை நான் விட்டுவிடுகிறேன். இது என் கைக்கணக்கு, விதியன்று.

புள்ளியைப் பதிவுசெய்யும் கோப்பைத் தொட்ட பதிவுகளை இப்படி எண்ணியபோது, ஆண்டு முடிவு அறிக்கை ஒன்று மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. அதில் எங்கள் சொற்பட்டியலின் ஒரு சொல்லும் இல்லை.

படி 5: அமைப்பைப் பின்தொடர்தல்

ஒரு செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும், பெயரிட்ட நிரல் பகுதி) கிடைத்துவிட்டால், அதை யார் அழைக்கிறார்கள் என்று கேட்பதற்குச் சொல் தேடல் மோசமான வழி. நிரலின் அமைப்பைப் படித்துத் திருத்திக்குச் சொல்லும் மொழிச் சேவையகத்திடம் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் 2016-இல் வெளியிட்ட மொழிச் சேவையக நெறிமுறையால், நிரல் எழுதும் இன்றைய திருத்திகள் பெரும்பாலானவற்றில் ‘குறிப்புகளைக் காட்டு’ என்ற வசதி ஒரு விசையில் கிடைக்கிறது. சேவையகம் இல்லாத பழைய மொழிக்கு யூனிவர்சல் சிடேக்ஸ் வரையறைகளின் பட்டியலை உருவாக்கித் தரும். இரண்டுமே, பெயரைச் சரமாகக் கோத்து அழைக்கும் நிரலையும் தரவுத்தளத்திற்குள் கிடக்கும் செயல்முறைகளையும் காணமாட்டா.

படி 6: வரிசைப்படுத்தும் தேடல்

இதுவரை கண்டவை உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும் கருவிகள். கோப்புகளைப் பொருத்தத்தின்படி வரிசைப்படுத்தித் தர வேண்டுமானால் அட்டவணை தேவை. அந்த அட்டவணையின் இயல்பைச் செட்டிநாட்டில் விளக்குவது எளிது. அன்றாட வரவு செலவு நாள் வரிசையில் எழுதப்படும். பிறகு அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் பதிவார்கள். இன்னாருடைய பற்று எவ்வளவு என்று கேட்டால் நாட்கணக்கை முழுதும் புரட்ட வேண்டியதில்லை. பேரேட்டில் அவர் ஏட்டைத் திறந்தால் போதும். தேடுபொறியின் தலைகீழ் அட்டவணையும் பேரேடுதான்: கோப்புவாரியாக இருக்கும் சொற்களைச் சொல்வாரியாகப் பெயர்த்தெழுதி, ஒவ்வொரு சொல்லின் கீழும் அது வரும் கோப்புகளைப் பதிந்துவைக்கிறது. அந்தப் பதிவுகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் ‘போஸ்டிங்’ என்பதே.

வரிசைப்படுத்த பிஎம்25 என்னும் சூத்திரம் போதுமானது. அதற்குள் மூன்று எண்ணங்கள் உள்ளன. அரிதான சொல்லுக்கு எடை அதிகம். இது கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் முன்வைத்தது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் எடை கூடும், ஆனால் வரவரக் குறைவாகவே கூடும். நீண்ட கோப்புக்கு அதன் நீளத்திற்கேற்பக் கழிவு உண்டு. இரண்டாவதையும் மூன்றாவதையும் கட்டுப்படுத்தும் எண்களுக்கு 1.2, 0.75 என்பவை வழக்கமான தொடக்க மதிப்புகள். அவற்றைத் திருகுவதைவிடச் சொற்களை எப்படி வெட்டுகிறீர்கள் என்பதில் கவனம் செலுத்துவது பலன் தரும்.

வெட்டுதலில் இரண்டு வேலைகள். ஒட்டிய மாறிப் பெயர்களை அடிக்கோட்டிலும் பெரிய எழுத்து தொடங்கும் இடத்திலும் பிரித்து, முழுப்பெயரையும் துண்டுகளையும் சேர்த்தே அட்டவணையில் ஏற்றுங்கள். கோப்பின் பாதையையும் சொற்களாக வெட்டிச் சேருங்கள். தமிழ்ச் சொற்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். பைத்தான் மொழியுடன் வரும், சொல்வடிவங்களைப் பொருத்தும் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ நூலகத்தில், ‘சொல்லெழுத்து’ என்ற வகுப்பு தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ‘புள்ளி’ என்ற சொல் அங்கே ப, ள, ள என்று மூன்று துண்டாகிவிடும். அட்டவணை பிழையின்றி உருவாகும், தேடலும் ஏதோ விடை தரும். ஆனால் அந்த விடைக்குப் பொருளிராது. தமிழ் யூனிகோடுத் தொகுதி முழுவதையும் வகுப்பில் வெளிப்படையாகச் சேர்த்துவிட்டால் இது தீரும். நாங்கள் இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பத்து வரிச் சோதனை ஒன்று முன்னதாகவே இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அடுத்து, பொருள்வழித் தேடல். நிரல் துண்டுகளையும் கேள்வியையும் மொழிக்காகப் பயிற்றுவித்த ஒரு மாதிரியைக் கொண்டு எண்திசையன்களாக (எண்களின் பட்டியல்களாக) மாற்றி, எது எதற்கு நெருக்கம் என்று பார்ப்பது இதன் முறை. துண்டுகளை இத்தனை வரி என்று வெட்டாமல், ட்ரீ-சிட்டர் போன்ற பகுப்பியைக் கொண்டு செயற்கூறின் எல்லையில் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் கோப்புப் பாதையை எழுதுங்கள். கேள்வியில் உள்ள சொல் ஒன்றுகூட நிரலில் இல்லாதபோது இம்முறை கைகொடுக்கும். ‘திருமணத்திற்குப் பின் குடும்பம் பிரிவது’ என்று கேட்டபோது, ‘ஸ்பிளிட்’ என்ற பெயருடைய செயற்கூறு முதல் ஐந்தில் வந்தது. சொல் தேடல் அதைத் தந்திருக்காது. ஆனால் ‘புள்ளி வரி’ என்று மட்டும் கேட்டபோது முதலிடத்தில் நின்றது, ரசீதின் நடுவே புள்ளிகளாலான கோடு கிழிக்கும் அச்சுக் கோப்பு. கோயில் வரியைப் பொருள்வழித் தேடல் அறியாது; கேள்வியில் விளக்கம் கூடினால்தான் வழிக்கு வரும். வெளிச்சேவையின் மாதிரியைப் பயன்படுத்தினால் நிரல் உங்கள் கணினியை விட்டு வெளியே செல்கிறது என்பதையும் எண்ணிப்பாருங்கள். சோதனைத் தரவில் உண்மையான குடும்பங்களின் விவரம் இருந்தால் அது செல்லவே கூடாது. உள்ளூரில் இயங்கும் சிறிய மாதிரிகள் இந்த வேலைக்குப் போதும்.

பிஎம்25 தரும் வரிசையையும் பொருள்வழித் தேடல் தரும் வரிசையையும் ஒன்றாக்க மதிப்பெண்களைக் கூட்டாதீர்கள்; அவை வேறு வேறு அளவுகோல்கள். தரவரிசையைக் கூட்டுங்கள்: ஒவ்வொரு வரிசையிலும் கோப்பின் இடத்தோடு 60-ஐக் கூட்டி, ஒன்றை அதனால் வகுத்து, வந்தவற்றைச் சேருங்கள். ஒரு வரிசையில் 3-ஆம் இடமும் மற்றதில் 5-ஆம் இடமும் பெற்ற கோப்புக்கு ஏறத்தாழ 0.0313 கிடைக்கும், ஒன்றில் மட்டும் முதலிடம் பெற்று மற்றதில் வராத கோப்புக்கு 0.0164 மட்டுமே. அந்த அச்சுக் கோப்பு கீழே இறங்கியது இதனால்தான்.

மொழி மாதிரியிடம் கோப்புகளைத் தேடித் தரச் சொல்பவர்களும் இன்று உண்டு. அதுவும் உள்ளுக்குள் இதே தேடல்களைத்தான் பெரும்பாலும் நடத்துகிறது. இரண்டாம் படியில் சொன்ன ஒதுக்கல் அதற்கும் பொருந்தும். அது சொல்லும் கோப்பு உண்மையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: கருவியைச் சோதித்தல்

உங்கள் தேடல் நன்றாக வேலை செய்கிறதா என்பதற்கு விடைத்தாள் ஏற்கெனவே உங்களிடம் உள்ளது. தீர்க்கப்பட்ட பழைய குறைகள் இருபதை எடுங்கள். ஒவ்வொன்றையும் திருத்திய பதிவு எந்தக் கோப்புகளைத் தொட்டதோ அவையே சரியான விடை. பயனர் எழுதிய குறையின் வாசகத்தைக் கேள்வியாக இட்டு, சரியான கோப்புகளில் எத்தனை முதல் பத்துக்குள் வந்தன என்று எண்ணுங்கள். இரண்டு எச்சரிக்கைகள்: களஞ்சியம் திருத்தத்திற்கு முந்தைய நிலையில் இருக்க வேண்டும், இதற்கு, பழைய நிலையைத் தனிக் கோப்புறையில் விரித்துத் தரும் ‘கிட் வொர்க்ட்ரீ’ வசதியானது; பதிவின் குறிப்பைக் கேள்வியாக இடக்கூடாது, அதில் திருத்தியவர் விடையையே எழுதிவைத்திருப்பார்.

இனி எங்கள் குறைக்கு வருகிறேன். நான்கு கோப்புகள் தேவைப்பட்டன. புள்ளியைப் பதிவுசெய்யும் கோப்பு, ரசீதின் தலைப்பை நேராகத் தேடியபோதே கிடைத்தது. வரி விதிக்கும் செயற்கூறு, மொழிச் சேவையகம் காட்டிய அழைப்புகளில் இருந்தது. ஆண்டு முடிவு அறிக்கையை வரலாறு காட்டிக்கொடுத்தது. மூன்றையும் திருத்திச் சோதித்த பிறகும் வரி இருமுறையே ஏறியது. நான்காவது, ஆண்டுத் தொடக்கத்தில் பழைய புள்ளிப் பட்டியலைப் புதிய ஆண்டுக்குப் பெயர்த்தெழுதும், தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதிய செயல்முறை. அது இரண்டாம் படியில் நான் பெயரைப் பார்த்துவிட்டுக் கடந்துபோன அந்தக் காப்புக் கோப்புறையில் கிடந்தது. இப்போது அந்தக் கோப்புறையை ஒதுக்கல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம், கிட்டிலும் சேர்த்திருக்கிறோம்.